அடித்தல் திருத்தல்

நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில்
கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் என் மேசை.
கோதுமை லாரிகள் போகும்போது
ஜன்னலில் சக்கரங்கள் மட்டும் தெரியும்.
ஜூலையில் பதினொரு பெட்டிகள் வந்தன.
அத்தனையும் கையெழுத்து.

மாநில அரசமைப்பிலிருந்து
மூன்று சொல்லையும் ஒரு காற்புள்ளியையும்
எடுத்துவிட வேண்டுமாம்.
"அடிமைமுறை இங்கே இருக்கலாகாது,
குற்றத்துக்குத் தண்டனையாக அன்றி."
புல்வெளியைத் திருத்தி வயலாக்கியவர்கள்
எழுதிவைத்துப் போன வரி.
நூற்றைம்பது வருஷமாக அந்தக் காற்புள்ளி
கதவிடுக்கில் செருகிய செருப்பு மாதிரி
சாத்தவிடாமல் கிடக்கிறது.

முழுதாக மாற்றி எழுதுவதென்றால்
மாநாடு கூட்ட வேண்டும்,
பிரதிநிதிகள், ஒரு முழுக் கோடை,
சண்டைபோட ஆயிரம் விஷயம்.
அது சுவரை இடித்துக் கட்டுவது.
இது ஆணியைப் பிடுங்குவது.
ஆணிக்கே பதினொரு பெட்டி.

இடது கையில் வாக்காளர் அட்டை,
வலது கையில் சிவப்புப் பென்சில்.
ஹார்லன் ஸ்வெக் "பட்" என்று போட்டிருந்தார்;
ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். அடித்தேன்.
லெனோரா கிட்டெல்சன் இரண்டு தாளில் போட்டிருந்தாள்,
மறதியோ ஆர்வமோ. ஒன்றை அடித்தேன்.
வில்மா ஓஸ்டர்காம்ப்பின் கையெழுத்து
பக்கவாதத்துக்குப் பிறகு
முள்வேலியில் சிக்கிய நூல் மாதிரி இருந்தது.
அட்டையில் அதே பெயர் நிமிர்ந்து நின்றது.
முதல் எழுத்தின் வளைவை மட்டும்
நெடுநேரம் பார்த்தேன்.
விட்டுவிட்டேன்.

தாள்களின் அடியில், திரட்டியவர் என்ற இடத்தில்,
திரும்பத் திரும்ப ஒரே பெயர்:
டெவெரோ ப்ரூயிட்.
மளிகைக்கடை வாசலில், மாட்டுச் சந்தையில்,
மழையில் மை கரைந்த ஒரு சனிக்கிழமையில்.
ஆறு வருஷம் உள்ளே இருந்தவர்.
உள்ளே வண்டி எண்பலகை அடித்தவர்,
மணிக்கு முப்பது சென்ட்.
என் காரில் இருப்பதும் அங்கே அடித்ததுதான்;
இரண்டு திருகாணி போட்டு நானே மாட்டினேன்.

அவரும் ஒரு வரியில் கையெழுத்திட்டிருந்தார்.
நாற்பத்தேழாம் தாள், முதல் வரி.
எழுத்து சரி. தேதி சரி.
முகவரிதான் பதிவேட்டோடு ஒட்டவில்லை.
மார்ச்சில் வீடு மாறியிருக்கிறார்,
எங்களுக்குச் சொல்லவில்லை.
நாலாயிரம் பேரிடம்
"முகவரியைக் கவனமா எழுதுங்க" என்றவர்.
பென்சிலைச் சீவினேன்.
தேவைக்கு மேலேயே சீவினேன்.
அடித்தேன்.

நவம்பரில் தொலைபேசி ஓயவில்லை.
"ஆம்னு போட்டா அது இருக்குமா, போகுமா?"
கேள்வி ஒரே வாக்கியம், அதில் மூன்று "இல்லை".
விளக்கிச் சொல்ல எனக்கு அனுமதி கிடையாது.
சீட்டில் இருப்பதை மறுபடி வாசித்தேன்,
முன்னைவிட மெதுவாக.

எங்கள் வட்டாரத்தில் நாற்பத்தொரு வாக்கில் தோற்றது.
மாநிலத்தில் ஜெயித்தது.
பால் வாங்கும் வரிசையில்
முகங்களை எண்ணாமலிருக்கப் பழகினேன்.

புதிய பதிப்பு வந்தது.
எடுத்த இடத்தில் தழும்புகூட இல்லை;
அடுத்த வரி நகர்ந்து வந்து உட்கார்ந்துவிட்டது.
சிறையில் இன்னும் பலகை அடிக்கிறார்கள்.
வழக்கு நடக்கிறது.

ஜனவரியில், தோளில் பனியை உதறிக்கொண்டு
ப்ரூயிட் படியிறங்கி வந்தார், முகவரி மாற்ற.
நாற்பத்தேழாம் தாளைப் பற்றி அவர் கேட்கவில்லை.
நான் சொல்லவில்லை.
படிவத்தின் தலையில் கொட்டை எழுத்தில்:
அடித்தல் திருத்தல் கூடாது.
பழக்கத்தில் பழைய தெருப் பெயரைத் தொடங்கி,
பாதியில் பேனாவைத் தூக்கிக்கொண்டு
என்னைப் பார்த்தார்.

இன்னொரு படிவம் எடுத்துக் கொடுத்தேன்.